விண்மீன் பெருக்கமும் விண்தூசியும்: ஒரு வரலாற்று நோக்கு

வானியலின் வரலாறு மேலைநாட்டாரின் வரலாறு என்றே நம்மவர் பலர் எண்ணிவருகின்றனர். கலிலியோவில் தொடங்கி ஹபிளில் முடியும் பெயர்ப்பட்டியலொன்றைப் பாடசாலையிற் படித்தவர்க்கு இவ்வெண்ணம் ஏற்படுவது இயல்பே. ஆனால், நமது உடலிலுள்ள காபனும் இரத்தத்திலுள்ள இரும்பும் எங்கிருந்து வந்தன என்னும் ஒரு வினாவை மாத்திரம் எடுத்து, அதற்கு விடை காணப்பட்ட வரலாற்றைப் பின்தொடர்வோமாயின், கல்கத்தா, சென்னை, கொழும்பு ஆகிய மூன்று நகரங்களையும் கடந்தே செல்லவேண்டியிருக்கும். அவ்வரலாற்றின் பிற்பகுதி விண்மீன் பெருக்க மண்டலங்களோடு பிணைந்தது. நமது பால்வழி போன்ற விண்மீன் மண்டலங்களுட் சில, குறுகியதொரு காலத்தில் அளவுகடந்த வேகத்துடன் புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கின்றன. அவையே விண்மீன் பெருக்க மண்டலங்கள் எனப்படுவன.

இத்தகைய மண்டலங்கள் கொழும்பு வானுக்கு அந்நியமானவையல்ல. அவற்றுள் மிகப் புகழ்பெற்ற மெசியர் 82, ஏப்ரல் மாதத்து இரவுகளில் வடவானில் ஏறத்தாழ 27 பாகை உயரத்துக்கு எழுகின்றது. கொட்டாஞ்சேனையில் ஒரு மொட்டைமாடியில் நின்று முகத்துவாரப் பக்கம் நோக்குபவரின் கண்ணெதிரே அது இருக்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, சிறிய தொலைகாட்டியேனும் வேண்டும். தென்திசையில், சனவரி இரவுகளில், அகத்திய விண்மீனுக்குக் கீழே பெரிய மகெல்லன் முகில் தோன்றுகின்றது. வெள்ளவத்தைக் கரையிலிருந்து தெகிவளைப் பக்கம் பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் 13 பாகையளவே உயரும். அம்முகிலின் ஒரு மூலையில் விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. காலி வீதியின் மின்விளக்குகள் அதனை விழுங்கிவிடுகின்றன என்பது வேறு விடயம். அதே வீதியில் தெற்கே சென்றால் கட்டுபெத்தையில், ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில், ஜப்பான் அன்பளிப்பாக வழங்கிய 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி 1990களிலிருந்து உண்டு என்பதைக் கொழும்புவாசிகளில் எத்தனைபேர் அறிவர்?

விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்பதை அறிவதற்கு அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைகூடிவிட்டது. ஈலியம் என்னும் மூலகம் பூமியிற் காணப்படுமுன்னர், 1868 இல், சூரியனின் நிறமாலையிலேயே முதலில் இனங்காணப்பட்டது. அவ்வாண்டுச் சூரிய கிரகணத்தை ஆந்திர நாட்டுக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் அவதானித்தமை இக்கதையின் முதல் ஏடு. எனினும் நிறமாலையிற் கோடுகளைக் கண்டதனால் மட்டும் எந்த மூலகம் எவ்வளவு உண்டு எனக் கூறிவிட முடியவில்லை. வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் ஏற்ப அணுக்கள் எவ்வாறு அயனாகின்றன என்பதைக் கணிக்கும் சமன்பாட்டினை 1920 இல் வெளியிட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த மேகநாத் சாகா. அச்சமன்பாட்டைக் கைக்கொண்டே, 1925 இல், சிசிலியா பெயின் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் விண்மீன்களிற் பெரும்பகுதி ஐதரசனும் ஈலியமுமே என்ற முடிவுக்கு வந்தார். அக்காலத்துப் பேரறிஞர் ஹென்றி நொரிஸ் ரசல் அதனை ஏற்க மறுத்தார். பெயினும் தமது ஆய்வேட்டில் அம்முடிவு பெரும்பாலும் மெய்யாக இராது என எழுதவேண்டியதாயிற்று. சில ஆண்டுகளின் பின் ரசலே அதே முடிவை வந்தடைந்தார்.

ஐதரசனும் ஈலியமும் பேரண்டத்தின் தொடக்கத்திலேயே தோன்றியவை. மற்றையவை? இவ்வினாவுக்கு விடையாக, அவை விண்மீன்களின் உட்பகுதியிற் சமைக்கப்படுகின்றன என்ற கொள்கையை முழுமையாக வளர்த்தெடுத்தவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் ஹொயில். மூன்று ஈலியக் கருக்கள் இணைந்து ஒரு காபன் கரு உண்டாதல் வேண்டுமாயின் காபன் கருவுக்குக் குறித்ததொரு சக்தி நிலை இருந்தே ஆகவேண்டும் என அவர் 1953 அளவில் முன்கூட்டியே கூறினார். கலிபோர்னியாவில் நடந்த பரிசோதனை அந்நிலையைக் கண்டுபிடித்தது. நாம் இருக்கின்றோம், ஆகவே அந்நிலையும் இருக்கவேண்டும் என்ற தர்க்கத்தில் ஒரு கருப்பௌதிக உண்மை வெளிப்பட்டமை அறிவியல் வரலாற்றில் அபூர்வமான நிகழ்ச்சி. 1957 இல் பேர்பிட்ஜ் தம்பதியரோடும் வில்லியம் பௌலரோடும் சேர்ந்து ஹொயில் எழுதிய நீண்ட கட்டுரை, இரும்பு, பொன், யுரேனியம் வரையிலான மூலகங்களின் பிறப்பினை விளக்கிற்று. விண்மீன் மண்டலமொன்றின் இரசாயனக் கூர்ப்பு என்று இன்று பேசப்படுவதற்கு அக்கட்டுரையே அடிப்படை. ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து, எரிந்து, சிதறுகின்றன. அவற்றின் சாம்பல் வாயுமுகிலிற் கலக்கின்றது. அடுத்த தலைமுறை அச்சாம்பலையும் சேர்த்துக்கொண்டு பிறக்கின்றது.

இங்கே சென்னையின் பங்கு முக்கியமானது. மாநிலக் கல்லூரியிற் கற்று, 1930 இல், பத்தொன்பது வயதில் பம்பாயிலிருந்து கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ளன் என்னும் விண்மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு திணிவுக்கு மேல் நிலைத்திருக்க முடியாது என்பதைக் கணித்தார். 1935 சனவரி 11 ஆந் திகதி இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் அதனை எடுத்துரைத்தபோது, ஆதர் எடிங்டன் எழுந்து அக்கணிப்பை எள்ளி நகையாடியதும், சபை எடிங்டனின் பக்கமே நின்றதும் பலரும் அறிந்த கதை. அவ்வெல்லையின் இரசாயன விளைவு அவ்வளவாக அறியப்படவில்லை. துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று அவ்வெல்லையை நெருங்கும் வெண்குள்ளன் முற்றாக வெடித்துச் சிதறுகின்றது. அத்தகைய வெடிப்புகளே பேரண்டத்தின் இரும்பிற் பெரும்பங்கை வழங்குவன. வெடிப்புகள் யாவும் சரியாக அந்த எல்லையில்தான் நிகழ்கின்றனவா என்பதில் இன்று கருத்து வேறுபாடு உண்டு. இரும்பின் பிறப்பிடம் பற்றி இல்லை.

இனிக் கொழும்புக்கு வருவோம். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்தின் கணிதத்துறை, தமிழருக்கும் நன்கு தொடர்புடையதாகும். டிராக்கிடம் பயின்ற சி. ஜே. எலியேசர் 1949 முதல் 1959 வரை அங்கே கணிதப் பேராசிரியராக விளங்கினார். கலைப்பீடம் பேராதனைக்குப் பெயர்ந்த பின்னரும் விஞ்ஞானபீடம் கொழும்பிலேயே இயங்கிய அக்காலத்தில் அத்துறையின் மாணவராக இருந்தவர் சந்திரா விக்கிரமசிங்க. 1939 இற் கொழும்பிற் பிறந்து, றோயல் கல்லூரியிற் பயின்று, 1960 இற் கணிதத்தில் முதலாம் வகுப்பிற் சித்தியெய்திய இவர், பொதுநலவாயப் புலமைப்பரிசிலுடன் கேம்பிறிட்ஜ் சென்று ஹொயிலின் மாணவரானார்.

அவருக்குக் கிடைத்த ஆய்வுப்பொருள் தூசி. விண்மீன்களுக்கிடையே மிக நுண்ணிய துகள்கள் பரவியுள்ளன என்பதும், அவை பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியை மங்கச் செய்து சிவப்பாக்குகின்றன என்பதும் முன்னரே தெரிந்தவை. வெள்ளவத்தைக் கடலில் மாலைச் சூரியன் சிவப்பதும் ஏறத்தாழ இதுபோன்றதே. நீல ஒளி வழியிற் சிதறிவிடச் சிவப்பே எஞ்சி வருகின்றது. ஆனால் அத்துகள்கள் எவற்றாலானவை? ஒல்லாந்து அறிஞர் 1940களில் முன்வைத்த விளக்கத்தின்படி, அவை விண்வெளியிலேயே உறைந்த, அழுக்குக் கலந்த பனிக்கட்டித் துணிக்கைகள். ஒல்லாந்தரின் கருத்தே அப்பொழுது பாடநூற் கருத்து. 1962 இல் ஹொயிலும் விக்கிரமசிங்கவும் வெளியிட்ட கட்டுரை அதனை மறுத்தது. வெட்டவெளியில் வாயு மிக ஐதாக இருப்பதனால் அங்கே துகள்கள் புதிதாக உறைவது கடினம். காபன் மிகுந்த செம்பூத விண்மீன்கள் சுருங்கியும் விரிந்தும் துடிக்கின்றன. அவற்றின் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் வாயு குளிரும்போது, மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியிற் கரி படிவதுபோல, காரீயத் துகள்கள் உறைந்து வெளியே தள்ளப்படுகின்றன. இதுவே அவர்களின் வாதம். பென்சிலின் உள்ளே இருக்கும் அதே காரீயந்தான். போகல, ககட்டகக சுரங்கங்களிலிருந்து எடுக்கப்பட்டுக் கொழும்புத் துறைமுகம் வழியாக உலகெங்கும் சென்ற பொருளை, அந்நகரத்து இளைஞர் ஒருவர் விண்வெளியில் வைத்துக் காட்டியமை தற்செயலானதே, ஆயினும் சுவையானது.

இக்கருத்தின் சிறப்பு காரீயம் என்ற பெயரில் இல்லை. தூசியின் பிறப்பிடத்தை வெட்டவெளியிலிருந்து விண்மீனுக்கு மாற்றியமையே அதன் சிறப்பு. அன்றிலிருந்து தூசியும் இரசாயனக் கூர்ப்பின் ஓர் அங்கமாயிற்று. 1965 இல் உந்துகணை மூலம் ஊதாக்கடந்த ஒளியை அளந்தபோது, 217.5 நனோமீற்றர் அலைநீளத்தின் அருகே ஒளி மிகுதியாக உறிஞ்சப்படுவது கண்டறியப்பட்டது. காரீயத் துகள்கள் உறிஞ்சக்கூடிய பகுதி அதுவாகையால் அக்கொள்கை வலுப்பெற்றது. சில ஆண்டுகளுள் செந்நிறக்கீழ் ஒளியிற் சிலிக்கேற்றுத் துகள்களின் அடையாளமும் கிடைத்தது. ஆதலின் இன்று ஏற்கப்படும் படம் கலப்பானது: ஒரு பகுதி சிலிக்கேற்று, ஒரு பகுதி காபன். 217.5 நனோமீற்றர் உறிஞ்சலுக்குக் காரணம் காரீயத் துகளா, வளையங்கள் பிணைந்த பெரிய ஐதரோகாபன் மூலக்கூறா என்ற விவாதம் ஓய்ந்துவிடவில்லை. காபன் என்பதில் மட்டும் பெரும்பாலார் உடன்படுகின்றனர்.

தூசியின் இயல்பு தெரிந்திராவிடின் விண்மீன் பெருக்க மண்டலங்களைப் புரிந்துகொண்டிருக்கவே முடியாது. மெசியர் 82 ஐ 1774 இல் ஜேர்மானியரான போடே கண்டார். 1963 இல் லிண்ட்சும் சண்டேஜும் அதன் நடுவிலிருந்து மேலும் கீழுமாக வாயு இழைகள் பீறிடுவதைக் கண்டு, மண்டலத்தின் மையத்தில் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்திருக்கிறது என எழுதினர். அவதானிப்பு சரி; விளக்கம் பிழைத்தது. ஒற்றை வெடிப்பன்று, ஆயிரக்கணக்கான விண்மீன்களின் தனித்தனி வெடிப்புகள் சேர்ந்து எழுப்பிய காற்று அது. அண்மையிலுள்ள மெசியர் 81 இன் ஈர்ப்பினால் கலக்கப்பட்ட வாயு நடுப்பகுதியிற் குவிந்து, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்துச் சூரியத் திணிவுக்குச் சமமான விண்மீன்கள் அங்கே பிறக்கின்றன. மிகப் பெரியதான நமது பால்வழியிலோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியத் திணிவுதான். இவ்வேகத்திற் செலவிட்டால் கையிருப்பு வாயு சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். மண்டலத்தின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுகளின் அளவினது. ஆகவே அது என்றும் இவ்வாறு இருந்திருக்க முடியாது, இடையிலெழுந்த ஒரு குமுறலாகவே இருத்தல் வேண்டும் என்ற எளிய கணக்கே இவ்வகை மண்டலங்களுக்குத் தனிப்பெயரைப் பெற்றுக்கொடுத்தது. அப்பெயர் 1981 அளவில் வழக்கில் நிலைகொண்டது.

ஆனால் புதிதாகப் பிறந்த விண்மீன்களின் நீல ஒளி வெளியே வருவதில்லை. முன்தலைமுறை விண்மீன்கள் விட்டுச்சென்ற தூசி அதனை விழுங்கி, வெம்மையுற்று, செந்நிறக்கீழ்க் கதிராக உமிழ்கின்றது. 1983 சனவரியில் ஏவப்பட்டுப் பத்து மாதங்கள் மட்டும் இயங்கிய ஐராஸ் செய்மதி வானம் முழுவதையும் அக்கதிரிற் பார்த்தது. சாதாரண ஒளியில் மங்கலாகத் தோன்றிய மண்டலங்கள் பல பேரொளியுடன் வெளிப்பட்டன. ஆர்ப் 220 என்பது சூரியனைப்போல் ஒரு இலட்சம் கோடி மடங்குக்கும் மேலான சக்தியை உமிழ்வது. அதில் மிகப் பெரும்பகுதி தூசியின் வழியாகவே வருகின்றது. தூசி வெறும் திரையன்று என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. ஐதரசன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறாவது பெரும்பாலும் தூசித் துகளின் மேற்பரப்பில். அம்மூலக்கூற்று முகில்களிலேயே விண்மீன்கள் கருக்கொள்கின்றன. விண்மீனின் சாம்பலே அடுத்த விண்மீனுக்குத் தொட்டிலாகின்றது. அதே 1983 இன் பிற்பகுதியில் சந்திரசேகருக்கும் பௌலருக்கும் பௌதிகவியல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹொயில் விடுபட்டார். அதனை அநீதி எனக் கூறியோர் பலர்; அது தவறான கூற்றன்று.

விண்மீன் பெருக்க மண்டலத்தின் இரசாயனத்தில் ஒரு கடிகாரம் மறைந்துள்ளது. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள், மிகப் பெரியவை சில இலட்சங்களைப் பத்தால் பெருக்கிய ஆண்டுகளிலேயே, வெடித்துவிடுகின்றன. அவை வழங்குவன ஒட்சிசன், நெயோன், மகனீசியம், சிலிக்கன் முதலியன. வெண்குள்ளன்களின் இரும்போ பெரும்பாலும் மிகத் தாமதித்தே வருகின்றது. எனவே அண்மையிற் குமுறிய மண்டலத்தில் இரும்பை விட ஒட்சிசனும் மகனீசியமும் ஒப்பளவில் மிகுந்திருத்தல் வேண்டும். மெசியர் 82 இலிருந்து வெளியேறும் வெப்பவாயுவின் எக்ஸ் கதிர் நிறமாலையில் இதுவே காணப்பட்டது. சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999 இல் ஏவப்பட்ட சந்திரா செய்மதியும் அவ்வாயுவைப் படம்பிடித்துள்ளது.

2014 சனவரி 21 ஆந் திகதி நடந்தது மாணவருக்கு உவப்பான செய்தி. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மில் ஹில் அவதானநிலையத்தில், ஸ்டீவ் பொசி என்னும் ஆசிரியர் பட்டப்படிப்பு மாணவர் நால்வருக்குத் தொலைகாட்டியைக் கையாளக் கற்பித்துக்கொண்டிருந்தார். முகில் மூடிக்கொண்டு வந்ததால் அவகாசம் சில நிமிடங்களே. பார்வைக்கு அழகானது என மெசியர் 82 தெரிவாயிற்று. பழைய படங்களில் இல்லாத ஒரு விண்மீன் அதிலே இருந்தது. 1 கோடி 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த ஒரு வெண்குள்ளன்! தூசியினூடாக வந்தமையால் அதன் ஒளி பெரிதும் சிவந்திருந்தது. பின்னர், நிக்கல் கோபால்டாகவும் கோபால்ட் இரும்பாகவும் மாறும்போது வெளிப்படும் காமாக் கதிர்களை இன்ரெகிறல் என்ற செய்மதி அவ்வெடிப்பிலிருந்து நேரடியாகவே அளந்தது. சூரியத் திணிவில் ஏறத்தாழ 0.6 பங்கு நிக்கல் அங்கே உண்டாகியிருந்தது. 1957 இன் கொள்கை எழுத்திற் கூறியது கண்ணெதிரே நடந்தேறியது.

விக்கிரமசிங்கவின் பிற்காலம் பற்றிக் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1973 இற் காடிவ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான அவர், அடுத்த ஆண்டு விண்தூசியிற் சேதன மூலக்கூறுகள் பெருமளவில் உண்டு என்ற கருத்தை வெளியிட்டார். விண்வெளியிற் சிக்கலான சேதன மூலக்கூறுகள் உண்டென்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. அதற்கப்பாற் சென்று, துகள்கள் உலர்ந்த பற்றீரியாக்களே என்றும், நோய்கள் வானிலிருந்து இறங்குகின்றன என்றும், 2012 டிசெம்பரிற் பொலன்னறுவைப் பகுதியில் விழுந்ததாகக் கூறப்பட்ட கல்லில் உயிரின் சுவடு உண்டென்றும் அவர் கூறியவற்றை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. இலங்கையில் அவரைப் போற்றுவோர் எடிங்டனின் கதையைச் சுட்டி, அன்று சந்திரசேகரும் மறுக்கப்பட்டாரன்றோ என்பர். இவ்வாதம் பொருந்தாது. சந்திரசேகரின் கணிப்பை எவரும் மீண்டும் செய்து பார்க்கலாம். செய்தோர் அனைவரும் அதே விடையைப் பெற்றனர். மறுக்கப்பட்டமை ஒரு கருத்துக்குச் சான்றாகாது. அதேவேளை, பிற்காலக் கூற்றுகளைச் சாக்காகக் கொண்டு 1962 ஆம் ஆண்டுக் கட்டுரையையும் நகைப்புக்கிடமாக்குவோர் வரலாற்றுக்கு அநீதி செய்கின்றனர்.

இத்தொடர்பில் இன்னொரு இலங்கையரும் நினைவுக்கு வருகின்றார். காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948 இல் மெய்யியலிற் பட்டம் பெற்று, பின்பே இரசாயனத்துக்கு வந்தவர். கலைப்பீட மாணவர் இதனைக் கவனிக்கலாம். அவுஸ்திரேலியாவில் 1969 இல் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் உள்ளன என்பதை அவரும் அவர்தம் குழுவினரும் 1970 இற் காட்டினர். அவர் பேசிய இரசாயனக் கூர்ப்பு, உயிரற்ற மூலக்கூறிலிருந்து உயிரை நோக்கியது. வானியலார் பேசுவது ஐதரசனிலிருந்து இரும்பை நோக்கியது. பெயர் ஒன்று, பாதையின் இரு பகுதிகள். 1980களில் இலங்கையின் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக்கு இவ்விருவரும் பணிப்பாளர்களாக இருந்தனர்.

2023 யூலையில், ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் அவதானிப்புகளைக் கொண்டு யொறிஸ் விற்ஸ்ரொக்கும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றை எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுவந்துள்ளது. பேரண்டம் தோன்றி 100 கோடி ஆண்டுகள் நிறைவதற்கு முன்னர் இருந்த ஒரு மண்டலத்தின் ஒளியில், 1965 இற் பால்வழியிற் கண்ட அதே உறிஞ்சல் தென்பட்டது. அதன் உச்சம் மட்டும் ஏறத்தாழ 226 நனோமீற்றருக்குச் சற்று விலகியிருந்தது. அவ்வளவு முற்பட்ட காலத்திற் காபன் தூசி! இங்கேதான் சிக்கல். 1962 ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டிய செம்பூத விண்மீன்கள் காபனைக் கரியாக்கி வெளித்தள்ளும் நிலைக்கு முதிர்வதற்குச் சில பத்துக் கோடி ஆண்டுகள் செல்லும். அவ்விள மண்டலத்துக்கு அத்துணை அவகாசம் இருந்திருக்குமா? பெருவிண்மீன்களின் வெடிப்பிலேயே தூசி விரைந்து உறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பெரிய மகெல்லன் முகிலில் 1987 பெப்ரவரியில் வெடித்த விண்மீனின் எச்சத்தில், 2011 இல் ஹேர்ஷல் செய்மதி ஏறத்தாழ அரைச் சூரியத் திணிவு தூசியை அளந்தமை அதற்கு ஆதரவாகும். ஆனால் வெடிப்பின் அதிர்வலை திரும்பி வந்து அத்தூசியில் எவ்வளவை அழிக்கும் என்பது இனிமேல்தான் தெரியவரும். அந்த எச்சத்தில் அது நிகழ்வதற்கு இன்னும் காலம் இருக்கின்றது.